பான்-ஏசியன் உணவகமும் பாரும்: போவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

சுஷி, டம்ப்ளிங் (உள்ளீடு வைத்த கொழுக்கட்டை), தாய் கறி, ராமென், கொரிய வறுவல் எல்லாம் ஒரே மெனு அட்டையில் இருக்கும். அட்டையைத் திருப்பினால் பார் பட்டியல். இப்படியொரு இடத்துக்கு முதல் முறை போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், ஆரம்பத்தில் நானே திருதிருவென்று விழித்த விஷயங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் சமையல்காரன் இல்லை. இந்த மாதிரி இடங்களில் நிறையச் சாப்பிட்டவன். சமையலறை தெரிகிற மாதிரி மேசை கிடைத்தால் அதைத்தான் கேட்டு வாங்குவேன். அவ்வளவுதான் தகுதி.

பான்-ஏசியன் என்றால் ஆசியா முழுவதுமா?

பெயர்தான் அப்படி. நடைமுறையில் கிழக்கு ஆசியாவும் தென்கிழக்கு ஆசியாவும்: ஜப்பான், சீனா, கொரியா, தாய்லாந்து, வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா. மேற்காசியாவும் மத்திய ஆசியாவும் இந்த மெனுவில் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெனு நாடு நாடாகப் பிரிந்திருக்கும். சமையலறை அப்படிப் பிரிந்திருக்காது. உள்ளே இருப்பவை அடுப்புகள்: வோக் எனப்படும் குழிந்த இரும்புச் சட்டிக்கு ஓர் அடுப்பு, மூங்கில் கூடைகள் அடுக்கிய ஆவி அடுப்பு, பொரிக்கிற எண்ணெய்ச் சட்டி, கிரில், தீயே இல்லாத குளிர் மேடை. சுஷியும் சாலடும் அந்தக் குளிர் மேடையில்தான் உருவாகும். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்து பிறந்தவைதான்.

இவ்வளவு பெரிய மெனுவில் எதை ஆர்டர் செய்வது?

நாட்டைப் பார்க்காதீர்கள், அடுப்பைப் பார்த்து ஆர்டர் செய்யுங்கள்.

நான்கு பேர் உட்கார்ந்து, ஒருவர் வறுத்த நூடுல்ஸ், ஒருவர் ஃப்ரைட் ரைஸ், ஒருவர் பேசில் சிக்கன், ஒருவர் மிளகாய்-பூண்டுக் கீரை என்று சொன்னால் மெனுவில் அது நான்கு நாடு. உள்ளே நான்கும் ஒரே வோக் அடுப்பு. வோக்கில் ஒரு தட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும், ஆனால் ஒரு சட்டியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஆகும். உங்களுக்கு முன்னால் வேறு மேசைகளின் ஆர்டரும் காத்திருக்கும். விளைவு: முதல் தட்டு ஆறிப்போகும், நான்காவது ஆள் பசியில் மற்றவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதையே பிரித்துப் போடுங்கள். குளிர் மேடையிலிருந்து ஒன்று (ஒரு ரோல், அல்லது பச்சைப் பப்பாளி சாலட்), ஆவியிலிருந்து ஒரு கூடை டம்ப்ளிங், வோக்கிலிருந்து ஒன்று, மெதுவாக வெந்து தயாராக இருக்கிற கறி ஒன்று, கூடவே சோறு. நான்கு அடுப்பும் ஒரே நேரத்தில் உங்களுக்காக வேலை செய்யும். எல்லாம் சூடாக வரும். வாய்க்கும் மாறுதல்: ஒன்று மொறுமொறு, ஒன்று வழவழ, ஒன்று புளிப்பு, ஒன்று காரம். எண்ணெயில் பொரித்ததை மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது பொரியலுக்குப் பிறகு நாக்கு எதையும் கவனிக்காது.

எத்தனை தட்டு என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று, பொதுவில் ஒன்று கூடுதல், அதற்கு மேல் சோறு. போதாவிட்டால் நடுவில் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம். மெனு அட்டையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வோக்கில் செய்ததை உடனே சாப்பிடச் சொல்கிறார்களே, ஏன்?

கன்டோனீஸ் மொழியில் 'வோக் ஹேய்' என்பார்கள், வோக்கின் மூச்சு என்று பொருள். மிகுந்த சூட்டில் எண்ணெயும் சாஸும் சட்டியின் ஓரத்தில் தீப்பட்டு லேசாகக் கருகும்போது வருகிற புகைவாசம் அது. வீட்டு அடுப்பில் அவ்வளவு சூடு கிடைக்காது என்பதால்தான் உணவகத்து ஃப்ரைட் ரைஸ் வீட்டில் வருவதில்லை. அந்த வாசம் சில நிமிடம்தான் நிற்கும். படம் எடுத்து முடிப்பதற்குள் பாதி போய்விடும்.

ஆளுக்கு ஒரு தட்டா, பகிர்ந்து சாப்பிடுவதா?

பெரும்பாலானவை நடுவில் வைத்துப் பகிர்வதற்கானவை. ராமென், ஃபோ (இரண்டும் நூடுல்ஸ் சூப்), பிபிம்பாப் (கொரியக் கலவைச் சோறு) போன்ற கிண்ணங்கள் ஒருவருக்கு. பல இடங்களில் எது முதலில் தயாராகிறதோ அது முதலில் வரும். முன்னது பின்னது என்ற வரிசை இருக்காது. வரிசையாக வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சாப்ஸ்டிக் பிடிக்கத் தெரியாது. கேவலமாகப் பார்ப்பார்களா?

யாரும் பார்க்க மாட்டார்கள். ஸ்பூன் கேட்டால் கொடுப்பார்கள். தாய்லாந்தில் சோற்றுச் சாப்பாட்டுக்கு ஸ்பூனும் ஃபோர்க்கும்தான்: ஃபோர்க்கால் தள்ளி, ஸ்பூனால் வாய்க்குக் கொண்டுபோவார்கள். சாப்ஸ்டிக் அங்கே நூடுல்ஸுக்கு. கொரியர்கள் சோற்றையும் சூப்பையும் ஸ்பூனில் சாப்பிடுவார்கள். ஆக, கிரீன் கறியையும் சோற்றையும் சாப்ஸ்டிக்கால் துரத்திக்கொண்டிருப்பதுதான் வேடிக்கை.

கற்றுக்கொள்ள ஆசை என்றால்: ஒரு குச்சியைக் கட்டைவிரலின் அடிப் பள்ளத்தில் வைத்து மோதிர விரல்மேல் சாய்த்துவிடுங்கள். அது அசையக் கூடாது. இரண்டாவதைப் பேனா பிடிப்பது போல் பிடியுங்கள். அது மட்டும்தான் மேலும் கீழும் போகும். இரண்டையும் அசைக்கப் பார்ப்பதால்தான் எல்லோருக்கும் நழுவுகிறது. சீனக் குச்சி நீளம், முனை மழுங்கல். ஜப்பானியக் குச்சி குட்டை, முனை கூர். கொரியக் குச்சி தட்டையான உலோகம், நழுவும். முதலில் மரக்குச்சியில் பழகுங்கள்.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. சோற்றுக்குள் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோறு அப்படித்தான் இருக்கும், ஊதுபத்தி குத்திய தோற்றமும் வரும். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றாதீர்கள். ஜப்பானில் தகனத்துக்குப் பிறகு எலும்புகளை அப்படித்தான் கைமாற்றி எடுப்பார்கள்.

சுஷி என்றாலே பச்சை மீனா?

இல்லை. வினிகர் கலந்த சோறுதான் சுஷி. மேலே மீன் இருக்கலாம், முட்டை இருக்கலாம், வெள்ளரி இருக்கலாம். சோறே இல்லாமல் வெறும் மீன் துண்டுகளாக வந்தால் அது சாஷிமி. பச்சை மீன் தயக்கம் என்றால் வெள்ளரி ரோல், அவகாடோ ரோல், வெந்த இறால், சாஸ் தடவிச் சுட்ட விலாங்கு என்று தொடங்கலாம்.

சோற்றுக்குள் மீனைப் புளிக்கவைத்துப் பல மாதம் பாதுகாக்கிற முறையாகத்தான் இது ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் சோற்றைத் தூக்கி எறிந்துவிட்டு மீனை மட்டும் சாப்பிட்டார்கள். இப்போது நாம் பார்க்கிற, கையால் பிடித்த நிகிரி சுஷி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், தெருவோரத்தில் அவசரமாகச் சாப்பிடுகிற தீனி. அதனால் நிகிரியைக் கையால் எடுத்துச் சாப்பிடுவதில் தவறே இல்லை.

பச்சை மீன் பாதுகாப்பானதா?

முறையாகக் கையாண்டால் ஆபத்து குறைவு. முக்கியமான பயம் ஒட்டுண்ணிகள். அவற்றைக் கொல்ல மீனை உறையவைக்கிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டுதல்படி மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறைந்த பிறகு 15 மணி நேரம். 'எங்களுடையது ஒருபோதும் உறையவைக்காத மீன்' என்று ஒரு கடை பெருமையடித்தால் எனக்கு நம்பிக்கை கூடாது, குறையும்.

உறையவைத்தாலும் பாக்டீரியாக்கள் சாகாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் பச்சை மீனைத் தவிர்ப்பதே சரி.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சால்மன் சுஷி பழைய ஜப்பானிய வழக்கம் இல்லை. உள்ளூர் சால்மனில் ஒட்டுண்ணி இருந்ததால் ஜப்பானியர் அதைப் பச்சையாகச் சாப்பிடவில்லை. 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை சால்மனை விற்கப் பாடுபட்டுப் பழக்கிவிட்டது அது.

அந்தப் பச்சை நிற உருண்டையும் இஞ்சியும் எதற்கு?

உருண்டை வசாபி. உணவகங்களில் பெரும்பாலும் வருவது குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும் சேர்ந்த கலவை. அசல் வசாபித் தண்டு விலை அதிகம். துருவிய கால் மணி நேரத்தில் காரம் இறங்கிவிடும். எதுவானாலும் ஒரு கடுகளவு போதும். மிளகாய் நாக்கில் எரியும், வசாபி மூக்கில் ஏறும். ஏறிவிட்டாலும் சில நொடியில் இறங்கிவிடும்.

இஞ்சி ஊறுகாய் சுஷியின்மேல் வைப்பதற்கல்ல. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குப் போகும்போது வாயைச் சுத்தம் செய்ய. சோயா சாஸில் தொடும்போது மீன் இருக்கும் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் உதிர்ந்து கிண்ணத்தில் சோறு மிதக்கும்.

சூப் உள்ளே இருக்கிற டம்ப்ளிங்கை எப்படிச் சாப்பிடுவது?

ஷாங்காய் பக்கத்து சியாவ்லோங்பாவ் அது. உள்ளே சூப்பை ஊற்றி மூடுவதில்லை. எலும்பும் தோலும் கொதித்த சாறு குளிர்ந்தால் ஜெல்லி போல இறுகிவிடும். அந்த ஜெல்லியை நறுக்கி இறைச்சியோடு பிசைந்து உள்ளே வைத்து மடிப்பார்கள். ஆவியில் வேகும்போது அது மறுபடி சாறாகிவிடும்.

கூடை வந்ததும் வாயில் போட்டால் மேலண்ணம் வெந்துவிடும். உச்சியில் மடிப்புகள் சேரும் குடுமியைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். அடியில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், ஓரமாக அசைத்துக் கிளப்புங்கள். கிழிந்தால் சாறு போச்சு. பையின் அடி சாறின் கனத்தில் தொங்கும். ஸ்பூனில் இறக்கி, பக்கத்தில் சின்னதாகக் கடித்து ஓட்டை போட்டு, ஆவி போக விட்டு, சாற்றை உறிஞ்சுங்கள். அப்புறம் கறுப்பு வினிகரும் இஞ்சித் துருவலும் சேர்த்து மிச்சத்தை ஒரே வாயில். ரொம்ப நேரம் வைத்தாலும் தோல் இறுகிவிடும், ஆகவே கூடை வந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டியதுதான்.

தட்டில் எதையெல்லாம் சாப்பிடக் கூடாது?

முதல் முறை டாம் யம் சூப் சாப்பிட்டபோது, மிதந்த எலுமிச்சைப்புல் தண்டை 'ஏதோ காய்' என்று நினைத்து நெடுநேரம் மென்றேன். கயிற்றை மெல்வது போல இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் துப்பவும் முடியவில்லை. எலுமிச்சைப்புல், பேரரத்தைத் துண்டு, மக்ரூட் எலுமிச்சை இலை மூன்றும் வாசத்துக்கு மட்டும். ஓரமாக ஒதுக்கிவிடுங்கள்.

எடமாமே எனும் இளஞ்சோயா அவரையும் அப்படித்தான். தோலோடு மெல்லக் கூடாது. உதட்டில் வைத்து அழுத்தினால் பருப்பு வாய்க்குள் குதிக்கும், தோலின் உப்பும் கூடவே வரும். சீனாவின் சிச்சுவான் மாகாண உணவில் மேலே குவிந்திருக்கும் காய்ந்த மிளகாய்களையும் யாரும் சாப்பிடுவதில்லை. அவற்றுக்கு நடுவே கோழித் துண்டைத் தேடி எடுப்பதுதான் அந்தத் தட்டின் விளையாட்டு.

ராமென், உடோன், சோபா, ஃபோ எல்லாம் நூடுல்ஸ்தானே?

நூடுல்ஸ்தான், ஆனால் மாவு வேறு. ராமெனும் உடோனும் கோதுமை. ராமெனில் காரத்தன்மையுள்ள (மிளகாய்க் காரம் அல்ல, ஆல்கலைன்) உப்பு நீர் சேர்ப்பதால் மஞ்சளாக, இழுவையாக இருக்கும். உடோன் வெள்ளை, தடிமன், மெத்து. சோபா, பக்வீட் என்ற கோதுமையல்லாத தானியத்தின் மாவு, பழுப்பு நிறம், பல கடைகளில் கோதுமையும் கலந்திருக்கும். வியட்நாமின் ஃபோ, தாய்லாந்தின் பாட் தாய் இரண்டும் அரிசி. கோதுமை ஆகாதவர்கள் அரிசி நூடுல்ஸ் பக்கம் போகலாம், சாஸை மட்டும் விசாரித்துக்கொண்டு.

ராமெனைச் சத்தமாக உறிஞ்சுவது ஜப்பானில் மரியாதைக் குறைவு இல்லை. சூடும் குறையும், வாசமும் ஏறும். ஆற ஆற நூடுல்ஸ் ஊதிப்போகும், அதனால் ராமெனைப் பகிர்வதற்காக ஆர்டர் செய்யாதீர்கள்.

காரம் எவ்வளவு இருக்கும்?

இங்கே இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். தாய் உணவின் காரம் மிளகாய்க் காரம், நேராக எரியும். சிச்சுவான் உணவில் மிளகாயோடு சிச்சுவான் மிளகும் சேரும். அது எரியாது, மரத்துப்போக வைக்கும். உதட்டில் சன்னமாக மின்சாரம் ஓடுவது போல. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தத் துடிப்பு விநாடிக்குச் சுமார் 50 அதிர்வு என்று உதட்டில் சோதித்தே கணக்கிட்டார்கள். மெனுவில் 'மாலா' என்று இருந்தால் இந்த இரண்டும் சேர்ந்தது என்று அர்த்தம்: 'மா' மரத்தல், 'லா' காரம்.

மெனுவில் போடும் மிளகாய்ப் படங்களை நம்பாதீர்கள். ஒரு கடையின் மூன்று மிளகாய் இன்னொரு கடையில் ஒன்று. வோக்கில் அப்போதே செய்கிற தட்டில் காரம் குறைக்கச் சொல்லலாம். கறியின் அரைப்பு முன்கூட்டியே தயாரானது, அதில் குறைக்க முடியாது. தேங்காய்ப்பால் கூட்டித்தான் தர முடியும். எரிந்தால் தண்ணீர் உதவாது, மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால், தேங்காய்ப்பால், ஒரு வாய் வெறும் சோறு உதவும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் நம்பிப் போகலாமா?

போகலாம், ஆனால் 'வெஜிடபிள்' என்ற சொல்லை மட்டும் நம்பிப் போகக் கூடாது. காய்கறி மட்டும் தெரிகிற தட்டில் மீன் கரைந்திருக்கும். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிச்சாறு டாஷி. அது வழக்கமாகக் கடற்பாசியும், புகையூட்டி உலர்த்திய சூரை மீன் செதிலும் ஊறியது. தாய் கறியின் அரைப்பில் இறால் விழுது. பாட் தாயிலும் பப்பாளி சாலடிலும் மீன் சாஸ். கொரிய ஊறுகாயான கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ. கீரை வறுவலில் சிப்பி சாஸ். மாப்போ டோஃபுவில் டோஃபு எனும் சோயா பன்னீர் இருக்கும், கொத்திய இறைச்சியும் இருக்கும்.

அதனால் 'இது வெஜ்தானே?' என்று கேட்காதீர்கள். பரிமாறுபவர் மேலோட்டமாகத் தலையாட்டிவிடுவார். 'மீன் சாஸ், சிப்பி சாஸ், இறால் விழுது, மீன் சாறு, இதில் எதுவும் இருக்கிறதா?' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உள்ளே போய் விசாரித்து வருவார். வோக் அடுப்பில் சாஸை மாற்றிவிடுவது எளிது: மீன் சாஸுக்குப் பதில் சோயா, சிப்பி சாஸுக்குப் பதில் காளான் சாஸ். கறி அரைப்பை அப்போது மாற்ற முடியாது. சைவ அரைப்பு தனியாக வைத்திருக்கிறார்களா என்றுதான் கேட்க வேண்டும்.

பூண்டு, வெங்காயமும் வேண்டாம் என்பவர்கள் 'பௌத்த சைவம்' என்று சொல்லிப் பாருங்கள். சீன பௌத்தச் சமையலில் அவை இரண்டும் விலக்கு, தேர்ந்த சமையல்காரருக்கு உடனே புரியும்.

ஒவ்வாமை இருந்தால்?

உட்கார்ந்ததும் சொல்லுங்கள், ஆர்டர் கொடுத்த பிறகு அல்ல. இந்தச் சமையலில் அடிக்கடி வருபவை: வேர்க்கடலை, இறால்-நண்டு வகை, மீன், சோயா, எள், முட்டை, கோதுமை. சோயா சாஸிலேயே வழக்கமாகக் கோதுமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டமாரி என்ற சோயா சாஸ் வகையில் பெரும்பாலும் இருக்காது, ஆனாலும் பாட்டிலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுப்புக் கணக்கு இங்கேயும் உண்டு. ஒரே வோக்கில் வேர்க்கடலைத் தட்டுக்கு அடுத்தது உங்கள் தட்டு. ஒரே எண்ணெயில் இறால் டெம்புராவும் (மாவில் தோய்த்துப் பொரித்தது) காய்கறி டெம்புராவும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் பொரித்தவற்றைத் தவிர்த்துவிடுவது நல்லது. சமையலறை உறுதி தரத் தயங்கினால், தயங்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.

அஜினோமோட்டோ போடுவார்களா? கெடுதலா?

பல இடங்களில் போடுவார்கள். அது குளூட்டமேட் என்ற சுவையூட்டியின் உப்பு. நேராகப் போடாவிட்டாலும் சோயா சாஸ், மீன் சாஸ், காளான், கடற்பாசி எல்லாவற்றிலும் இயற்கையாகவே குளூட்டமேட் இருக்கிறது. 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்துதான் அதைப் பிரித்தெடுத்தார், அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரும் வைத்தார்.

கெட்ட பெயர் எப்படி வந்தது? 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு டாக்டரின் கடிதம் வந்தது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்து மரக்கிறது, படபடக்கிறது, காரணம் சோயா சாஸா, சமையல் ஒயினா, குளூட்டமேட்டா தெரியவில்லை என்று எழுதியிருந்தார். பழி முழுக்கக் குளூட்டமேட்டின் தலையில் விழுந்தது. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் நடத்திய சோதனைகளில் அந்த அறிகுறிகள் உறுதியாகத் திரும்ப வரவில்லை. அமெரிக்காவில் அது உப்பு, சர்க்கரை போலப் பொதுவாகப் பாதுகாப்பானது என்ற பட்டியலில்தான் இருக்கிறது. என் கவலை வேறு: சோயா சாஸில் இருக்கிற உப்பு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் போட வேண்டாம் என்று சொல்லுங்கள், வாதாட வேண்டியதில்லை.

மது தொடாதவர்கள் சாப்பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஜப்பானிய மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது), சாக்கே, சீன ஷாவ்ஷிங் ஒயின் மூன்றும் சமையலில் தாராளமாகப் புழங்கும். டெரியாக்கி சாஸில் மிரின் இருக்கும். 'கொதித்தால் ஆவியாகிவிடும்' என்பது பாதி உண்மை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, கால் மணி நேரம் கொதித்த பண்டத்தில் ஊற்றிய ஆல்கஹாலில் சுமார் 40 சதவீதம் மிஞ்சும், ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் 25 சதவீதம். வோக்கில் இரண்டு நிமிடம்தான். சமய காரணமோ மருத்துவ காரணமோ, வேண்டாமென்றால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பன்றிக் கொழுப்பும் டம்ப்ளிங் உள்ளீடுகளில் சாதாரணம்; ஹலால் பார்ப்பவர்கள் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பார் பட்டியலில் சாக்கே, சோஜு, ஷோச்சு, பைஜியு என்று இருக்கிறதே, என்ன வித்தியாசம்?

சாக்கே ஜப்பானிய அரிசி மது. 'அரிசி ஒயின்' என்கிறார்கள், ஆனால் தானியத்தைப் புளிக்கவைப்பதால் செய்முறை பீருக்கு நெருக்கம். ஆல்கஹால் சுமார் 15, 16 சதவீதம். சோஜு கொரியாவுடையது, இப்போது கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 16 முதல் 20 சதவீதம். இனிப்பாக வழுக்கிக்கொண்டு இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் கணக்கு தெரியும். ஷோச்சு ஜப்பானில் காய்ச்சி வடித்தது, சுமார் 25. பைஜியு சீனாவின் சோள வகைத் தானியத்தில் வடிப்பது, 50ஐத் தாண்டுவதும் உண்டு. அதன் வாசம் ஒன்று பிடிக்கும் அல்லது அறையை விட்டே ஓடவைக்கும். நான் இரண்டாவது கட்சி.

சாக்கே பட்டியலில் 'கின்ஜோ', 'டைகின்ஜோ' என்றிருப்பது அரிசியை எவ்வளவு தீட்டினார்கள் என்பதன் கணக்கு. கின்ஜோ என்றால் அரிசியில் 60 சதவீதமோ அதற்குக் குறைவோதான் மிச்சம், டைகின்ஜோ என்றால் 50. இவை பழவாசம் உள்ளவை, குளிராகக் குடிக்க வேண்டும். சூடாக்கினால் கொடுத்த காசு ஆவியாகிவிடும். சாதாரண வகைகளை இளஞ்சூட்டில் குடிக்கலாம்.

கொரிய, ஜப்பானிய வழக்கத்தில் தன் கோப்பையைத் தானே நிரப்புவதில்லை, பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார். பெரியவருக்கு ஊற்றும்போதும் வாங்கும்போதும் இரண்டு கையும் சேர வேண்டும்.

காக்டெய்ல் எதைச் சொல்லலாம்?

சிங்கப்பூர் ஸ்லிங் உண்மையிலேயே அந்த ஊர்ச் சரக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பார்டெண்டர் ஙியாம் டோங் பூன் பெயரில் வழங்குவது. மை டாய் அப்படியல்ல. பெயர் டஹீட்டி மொழி, பிறந்தது கலிஃபோர்னியாவில், 1944இல். ஆசிய மெனுவில் எப்படியோ இடம் பிடித்துவிட்டது. எனக்கு இந்த மாதிரி பார்களில் பிடித்தது விஸ்கி ஹைபால்: விஸ்கி, நிறைய சோடா, நிறைய ஐஸ். பொரித்ததோடு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

காரமான சாப்பாட்டோடு கடும் மது வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் ஒயினோ குளிர்ந்த லேசான பீரோ போதும். குடிக்காதவர்கள் லிச்சி, எலுமிச்சைப்புல், இஞ்சி சேர்ந்த மாக்டெய்ல் கேட்கலாம். சர்க்கரைப் பாகைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். மல்லிகைத் தேநீரை யாரும் கண்டுகொள்வதில்லை, எண்ணெய்ப் பண்டத்துக்கு அதுதான் சரியான துணை. சீன உணவகப் பழக்கம் உள்ள இடமென்றால் கூஜாவின் மூடியைத் திறந்து சாய்த்து வையுங்கள், வெந்நீர் நிரப்பிவிடுவார்கள்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

மாலை சீக்கிரம் போங்கள். இரவு ஏற ஏற பார் பக்கத்துச் சத்தமும் ஏறும், சில இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை. ஆவி பன், காரமில்லாத உடோன், முட்டை ஃப்ரைட் ரைஸ், குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி (கடலை ஒவ்வாமை இல்லையென்றால்) எடுபடும். சாத்தேக் குச்சியின் கூர் முனையை உடைத்துவிட்டுக் கொடுங்கள். கல் கிண்ணத்தில் வரும் பிபிம்பாப்பை அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள், கிண்ணமே கொதிக்கும்.

இதெல்லாம் அசல்தானா? ஒரே சமையலறையில் ஏழு நாட்டுச் சமையல் எப்படிச் சரியாக வரும்?

ஏழும் சரியாக வராது. தலைமைச் சமையல்காரர் எந்த அடுப்பில் வளர்ந்தவரோ அதுதான் பிரமாதமாக இருக்கும். 'இங்கே அதிகம் போவது எது?' என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் ஃப்ரைட் ரைஸ்தான். 'சமையலறையில் இருப்பவர்கள் வேலை முடிந்து எதைச் சாப்பிடுவார்கள்?' என்று கேட்டால் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். எழுபது எண்பது பண்டம் உள்ள மெனுவைவிட முப்பது உள்ள மெனு எனக்கு நம்பிக்கை தரும்.

அசல் என்ற சொல்லை ரொம்பத் துருவினால் கையில் எதுவும் மிஞ்சாது. ஜப்பானிய டெம்புரா 16ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த பொரிக்கும் முறை. ராமென் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. பாட் தாயைத் தேசிய உணவாகப் பரப்பியது 1930களின் இறுதியிலும் 40களிலும் தாய்லாந்தை ஆண்ட பிபுன்சோங்க்ராம் அரசு. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, சிச்சுவானுக்கும் தாய்லாந்துக்கும் கடல் வழியாக வந்து சேர்ந்தது. சீன உணவகங்களில் சாப்பிட்ட பிறகு தரும் சீட்டு வைத்த குக்கீக்குச் சீனாவோடு சம்பந்தமே இல்லை. வேர் ஜப்பானில், புகழ் கலிஃபோர்னியாவில்.

முன்பதிவு வேண்டுமா? எங்கே உட்காருவது?

வார இறுதி என்றால் வேண்டும். இரண்டு பேர் என்றால் சுஷி மேடைக்கு எதிரே அல்லது பார் மேடையில் கேளுங்கள். வேலை நடப்பதைப் பார்க்கலாம், ஆர்டரும் சீக்கிரம் வரும். ஆறு பேருக்கு மேல் என்றால் வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு உள்ளது.

மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போகலாமா?

கறி, வறுவல், டம்ப்ளிங் போகலாம். பச்சை மீன் வேண்டாம், அங்கேயே முடித்துவிடுங்கள். டெம்புராவைக் கட்டினால் வீட்டுக்குப் போவதற்குள் ஈரத் துணியாகிவிடும். சோற்றில் மட்டும் எச்சரிக்கை: பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்தாலும் சாகாமல் இருந்து, வெதுவெதுப்பில் பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. சாப்பிட்டு முடித்த பிறகு பாரில் இன்னும் இரண்டு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள் என்றால், ஃப்ரைட் ரைஸ் டப்பாவை மேசைக்கடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே ஃப்ரிட்ஜில் வைத்துக் கிளம்பும்போது தரச் சொன்னால் வைத்துத் தருவார்கள். கிளம்பும்போது மறக்காமல் கேட்டு வாங்குங்கள். நான் இரண்டு முறை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.